மருத்துவ ஆய்வுச் செய்தி வந்தால் அதை எப்படிப் படிப்பது

கர்ப்ப காலத்தில் பாராசிட்டமால் சாப்பிட்டால் பிறக்கிற குழந்தைக்கு ஆட்டிசம் வரலாம் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப் பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னார். அது இங்கே குடும்ப வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் வந்து சேர்ந்தது. "ஆய்வில் தெரியவந்துள்ளது" என்று ஒரு வரி ஒட்டியிருந்தால் போதும், பாதிப்பேர் அப்படியே நம்பிவிடுகிறோம். மீதிப்பேர் "இவங்க இன்னிக்கு ஒண்ணு சொல்வாங்க, நாளைக்கு ஒண்ணு சொல்வாங்க" என்று எல்லா ஆய்வையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தள்ளிவிடுகிறோம். இரண்டுமே உடம்புக்கு ஆகாது. கடும் காய்ச்சலில் கிடக்கிற கர்ப்பிணி ஒரு ஃபார்வர்டைப் பார்த்துப் பயந்து மாத்திரையைத் தள்ளிவைத்தால், அந்தக் காய்ச்சலே வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குக் கெடுதல் செய்யலாம்.

ஆய்வுச் செய்தியைப் படிக்க டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கும் பத்து நிமிடப் பொறுமையும் இருந்தால் பெரும்பாலான செய்திகளை எடை போட்டுவிடலாம். யாரிடம் செய்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எதை எண்ணினார்கள், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேட்கப் பழகினாலே பாதி வேலை முடிந்தது. எப்படி என்று உண்மையான ஆய்வுகளையே வைத்துச் சொல்கிறேன்.

முதலில் மூல ஆய்வைத் தேடுங்கள்

செய்தியில் இதழின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். லான்செட், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின், ஜாமா, இப்படி ஏதாவது ஒன்று. இதழ் பெயரும் இல்லை, எந்த நிறுவனம் செய்தது என்பதும் இல்லை, "விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்" என்பது மட்டும்தான் இருக்கிறது என்றால் அதற்கு மேல் நேரம் செலவழிக்காதீர்கள், யாருக்கும் அனுப்பவும் அனுப்பாதீர்கள்.

பெயர் இருந்தால் பப்மெட் தளத்துக்குப் போங்கள். அமெரிக்க அரசின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துகிற தளம், 1997 முதல் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம், ஃபோனிலேயே நன்றாகத் திறக்கும். ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்: மருந்தின் பெயர், நோயின் பெயர், இதழின் பெயர், வருடம். மருந்துக்குக் கம்பெனி வைத்த பெயரைத் தட்டினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைத் தட்டுங்கள். டோலோ என்று தேடினால் வராது, பாராசிட்டமால் என்று தேட வேண்டும். அமெரிக்காவில் அதற்கே அசிட்டமினோஃபென் என்று பெயர் என்பதால் அதையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆய்வு கிடைத்துவிட்டால் ஒரு பக்கச் சுருக்கம் பெரும்பாலும் இலவசம். முழுக் கட்டுரையும் இலவசமாக இருந்தால் பக்கத்திலேயே அதற்கு இணைப்பு இருக்கும்.

அந்தச் சுருக்கத்தை நான் மேலிருந்து கீழாகப் படிப்பதில்லை. நடுவில் இருக்கும் இரண்டு பத்திகளைத்தான் முதலில் படிப்பேன். ஒன்றில் ஆய்வை எப்படிச் செய்தார்கள் என்றிருக்கும், அடுத்ததில் என்ன எண்கள் வந்தன என்றிருக்கும். கடைசிப் பத்தி அந்த எண்களைப் பற்றி ஆய்வாளர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் மொழிபெயர்ப்புச் செயலியில் போடுங்கள், தப்பில்லை. ஆனால் எண்களையும், "இல்லை", "குறைவு" மாதிரி சொற்களையும் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள், செயலி சறுக்குவது அங்கேதான்.

கண்ணாடித் தட்டிலா, எலியிலா, மனிதரிலா

இதைப் பார்க்க அரை நிமிடம் போதும், ஆனால் பத்தில் பல செய்திகள் இந்த இடத்திலேயே நின்றுவிடும்.

2020 ஏப்ரலில் வெளியான ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில் ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்தைச் சோதனைக்கூடத்தில் வளர்த்த செல்களில் போட்டுப் பார்த்தார்கள். 48 மணி நேரத்தில் கொரோனா வைரஸின் அளவு சுமார் 5,000 மடங்கு குறைந்தது. ஆய்வு உண்மைதான், எண்ணும் உண்மைதான். ஆனால் அந்தச் செல்களின் மேல் ஊற்றிய மருந்தின் செறிவு, ஒரு மனிதர் வழக்கமான அளவில் மாத்திரை விழுங்கினால் ரத்தத்தில் சேர்வதைவிட மிக மிக அதிகம். உலகம் முழுக்க மக்கள் அந்த மாத்திரையை வாங்கி விழுங்கினார்கள். பிறகு நோயாளிகளிடமே ஒழுங்காகச் சோதித்தபோது, உதாரணமாகப் பிரேசிலில் 1,358 பேரை வைத்துச் செய்து 2022ல் வெளியான ஆய்வில், ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலைமையை அது குறைக்கவில்லை.

மஞ்சளிலிருக்கும் குர்குமின் புற்றுநோய் செல்லைக் கொல்கிறது என்ற செய்தியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். தட்டில் இருக்கும் செல்லில் நேரடியாக ஊற்றினால் எத்தனையோ பொருள்கள் அதைக் கொல்லும். சாப்பிட்ட குர்குமின் குடலில் மிகக் குறைவாகத்தான் உறிஞ்சப்படுகிறது. மஞ்சள் சமையலுக்கு நல்லதுதான், தாராளமாகப் போடுங்கள், ஆனால் அதை நம்பி ஒருவர் கீமோதெரபியைத் தள்ளிப்போடுவார் என்றால் அந்தச் செய்தியை அனுப்பியவருக்கும் அதில் பொறுப்பு இருக்கிறது.

வெறுமனே கவனித்தார்களா, குலுக்கிப் பிரித்தார்களா

மனிதரிடம் செய்த ஆய்வு என்று தெரிந்ததும் அடுத்ததாக இதைப் பாருங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

ஒரு வகை ஆய்வில் மக்கள் பாட்டுக்கு வாழ்கிறார்கள், ஆய்வாளர்கள் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். காபி குடிப்பவர்களுக்கு இது குறைவு, இரவு லேட்டாகச் சாப்பிடுபவர்களுக்கு அது அதிகம் என்பதெல்லாம் இந்த வகை. இன்னொரு வகையில் ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு அதே மாதிரி தெரிகிற மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுக்கிறார்கள். முதல் வகையில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. ஒரு மாத்திரையைச் சாப்பிடுகிறவருக்கும் சாப்பிடாதவருக்கும் அந்த மாத்திரை மட்டுமே வித்தியாசம் இல்லை. வருமானம், படிப்பு, ஏற்கனவே இருக்கும் நோய், உடம்பைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் என்று ஆயிரம் வித்தியாசம் இருக்கும்.

பாராசிட்டமால் விஷயத்துக்கு வருவோம். கர்ப்பிணிகளை யாரும் குலுக்கிப் பிரித்துச் சோதிக்க மாட்டார்கள் என்பதால், இருப்பதில் பெரும்பகுதி கவனிப்பு ஆய்வுகள்தான். 2024ல் ஜாமாவில் வந்த ஸ்வீடன் ஆய்வு சுமார் 25 லட்சம் குழந்தைகளைப் பார்த்தது. எல்லோரையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, தாய் கர்ப்பத்தில் இந்த மருந்தைச் சாப்பிட்டிருந்த குழந்தைகளுக்கு ஆட்டிசம் 1.05 மடங்கு, அதாவது 5 சதவீதம் அதிகம் என்று வந்தது. ஃபார்வர்டு எழுதுகிறவர் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வார். ஆய்வாளர்கள் நிறுத்தவில்லை. ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளில் ஒரு கர்ப்பத்தில் மருந்து எடுத்து, இன்னொரு கர்ப்பத்தில் எடுக்காதவர்களை மட்டும் தனியாக எடுத்து அண்ணன், தங்கை என்று உடன்பிறந்தவர்களையே ஒப்பிட்டார்கள். அம்மா அதேதான், வீடும் பெரும்பாலும் அதேதான், பரம்பரையும் பெருமளவு ஒன்றுதான். இப்போது அந்த எண் 0.98 ஆனது, அதாவது வித்தியாசமே இல்லை. காய்ச்சல், தொற்று, ஒற்றைத் தலைவலி என்று ஏதோ இருப்பதால்தானே ஒரு தாய் மாத்திரை போடுகிறார்? முதல் கணக்கில் தெரிந்த 5 சதவீதம் பெரும்பாலும் அந்த மாதிரிக் காரணங்களிலிருந்தும், குடும்பத்துக்குப் பொதுவான பரம்பரையிலிருந்தும் வந்திருக்கலாம். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரைக் கேட்டு, சொன்ன அளவில் மாத்திரையைப் போடுங்கள்.

கவனிப்பு ஆய்வை நம்பி உலகமே தவறான பக்கம் போனதும் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுத்த பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்று பல வருடம் அப்படிப்பட்ட ஆய்வுகள் சொன்னன. அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கிப் பிரித்துச் சோதித்து 2002ல் வெளியான ஆய்வில் இதய நோய் கொஞ்சம் கூடத்தான் செய்தது, ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். முன்பு ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்கள் பொதுவாகவே வசதியும் ஆரோக்கிய அக்கறையும் உள்ள பெண்கள் என்பது இந்தத் திருப்பத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

வைட்டமின் டியும் அப்படித்தான். ரத்தத்தில் அது குறைவாக இருப்பவர்களுக்குப் புற்றுநோய், இதய நோய் என்று பலதும் அதிகம் என்று கவனிப்பு ஆய்வுகள் சொல்லிக்கொண்டே இருந்தன. 2018ல் வந்த வைட்டல் ஆய்வில் 25,871 பேரில் பாதிப்பேருக்குத் தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்து ஐந்து வருடத்துக்கு மேல் பார்த்தார்கள். புற்றுநோயும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை. இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அதில் கலந்துகொண்ட அமெரிக்கர்களில் பெரும்பாலோருக்கு ஆரம்பத்திலேயே வைட்டமின் டி போதுமான அளவு இருந்தது. நிஜமாகவே மிகக் குறைவாக இருந்து எலும்பு வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த ஒருவருக்கு இந்த ஆய்வு பதில் சொல்லவில்லை. ஃபுல் பாடி செக்கப்பில் கொஞ்சம் குறைந்துவிட்டது என்று தானாக வாங்கி வருடக்கணக்கில் விழுங்குபவருக்குத்தான் சொல்கிறது.

குலுக்கல் முறையின் அருமையைச் சென்னையே உலகத்துக்குக் காட்டியிருக்கிறது, அது நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாது. காசநோய் என்றாலே சானடோரியம் என்ற தனி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்க வைக்க வேண்டும் என்று உலகம் நம்பிய காலத்தில், 1956ல் மதராஸில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்தில், மறுபாதி வீட்டிலேயே இருந்து அதே மாத்திரை. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைச்சல், ஓய்வு குறைச்சல், வீடும் நெருக்கடி. இருந்தும் அவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள், கூட இருந்த குடும்பத்தாருக்கு நோய் தொற்றுவதும் அதனால் கூடவில்லை. 1959ல் இது வெளியானது. அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல சானடோரியங்கள் காலியாகி, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் இன்றைய முறை உலகெங்கும் வந்தது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

எத்தனை பேரில் எத்தனை பேர்

"20 சதவீதம் குறைக்கிறது", "இரு மடங்கு ஆக்குகிறது" என்று தலைப்பில் வரும் எண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள். எதிலிருந்து எதற்குக் குறைந்தது என்று தேடுங்கள். சுருக்கத்தில் அனேகமாக இருக்கும்.

உடல் எடைக்கான செமாகுளுடைட் ஊசி இப்போது இந்தியாவிலும் விற்கிறது. 2023ல் வந்த செலக்ட் ஆய்வில் அது மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் வரும் மரணம் மூன்றையும் சேர்த்து 20 சதவீதம் குறைத்தது. மொத்தம் 17,604 பேர், எல்லோரும் 45 வயதைத் தாண்டியவர்கள், ஏற்கனவே இதய அல்லது ரத்தக்குழாய் நோய் இருப்பவர்கள், எடை அதிகம், சர்க்கரை நோய் இல்லை. மூன்று வருடத்துக்குச் சற்று மேல் பார்த்ததில் வெற்று ஊசி போட்டவர்களில் 100க்கு 8 பேருக்கும், மருந்து போட்டவர்களில் 100க்கு 6.5 பேருக்கும் இவற்றில் ஒன்று வந்தது. வித்தியாசம் 1.5. நூறை 1.5 ஆல் வகுத்தால் சுமார் 67. அதாவது 67 பேர் மூன்று வருடத்துக்கு மேல் வாராவாரம் ஊசி போட்டுக்கொண்டால் ஒருவருக்கு வர இருந்தது தடுக்கப்படும். மருந்து போட்டவர்களில் 16.6 சதவீதம் பேர் பக்க விளைவால் நிறுத்திவிட்டார்கள், வெற்று ஊசியில் அது 8.2 சதவீதம். இதெல்லாம் தெரிந்தும் ஏற்கனவே மாரடைப்பு வந்த ஒருவருக்கு இது நல்ல மருந்தாக இருக்கலாம், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலைப்பில் இருக்கும் 20ஐயும் உள்ளே இருக்கும் 1.5ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்போது சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு செய்து 2006ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வைப் பாருங்கள். சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் 531 பேர், நம் ஊர் ஆட்கள், நம் ஊர்ச் சாப்பாடு. நான்கு பிரிவாகக் குலுக்கினார்கள்: வழக்கமான அறிவுரை மட்டும், சாப்பாட்டு மாற்றமும் நடைப்பயிற்சியும், மெட்ஃபார்மின் மாத்திரை, இரண்டும் சேர்த்து. மூன்று வருடத்தில் முதல் பிரிவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டை மாற்றி நடந்தவர்களில் 39.3, மாத்திரை எடுத்தவர்களில் 40.5, இரண்டும் செய்தவர்களில் 39.5. சதவீதமாகச் சொன்னால் நடைப்பயிற்சிப் பிரிவில் 28.5 சதவீதம் குறைவு, செலக்டின் 20க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் தலையை எண்ணினால் 100க்கு கிட்டத்தட்ட 16 பேர் தப்பித்தார்கள். ஆறு ஏழு பேர் நடந்தால் ஒருவர் தப்பிக்கிறார். இரண்டு ஆய்வும் எண்ணியது வேறு வேறு விஷயம், ஒன்றில் மாரடைப்பும் மரணமும், இன்னொன்றில் ரத்தப் பரிசோதனையில் தெரியும் சர்க்கரை நோய், அதனால் இதைவிட அது மேல் என்று ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. தலைப்புச் சதவீதம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே எண்ணிக்கை எவ்வளவு மாறும் என்று காட்டத்தான் சொல்கிறேன். நடையும் மாத்திரையும் சேர்த்து எடுத்தும் தனித்தனியாக எடுத்ததைவிடப் பெரிதாகக் கூடவில்லை என்பதையும் கவனியுங்கள், இந்தத் தகவல் அந்த எண்களிலேயே கிடக்கிறது.

பயமுறுத்தும் சதவீதத்துக்கும் இதே கணக்குதான். மேலே சொன்ன ஹார்மோன் ஆய்வில் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்று தலைப்பு வந்தது. ஒரு வருடத்தில் 10,000 பெண்களில் 30 பேருக்கு வருவது 38 ஆனது.

வித்தியாசம் சின்னதாக இருந்தால் பயனில்லை என்றும் அவசரப்படாதீர்கள். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ரேஷன்ஸ் ஆய்வு 2023ல் லான்செட்டில் வந்தது. 10,345 பேர். உணவு கிடைக்காத பிரிவில் 2.6 சதவீதம் பேருக்கும், கிடைத்த பிரிவில் 1.7 சதவீதம் பேருக்கும் காசநோய் வந்தது. வித்தியாசம் 100க்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் கொடுத்தது அரிசியும் பருப்பும். பக்க விளைவு இல்லை, செலவும் கட்டுப்படியாகும், நாட்டில் காசநோயாளிகள் இருக்கும் வீடுகள் லட்சக்கணக்கில். அரசாங்கங்கள் இதைத் திட்டமாகவே எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சின்ன எண்ணா பெரிய எண்ணா என்று பார்க்கும்போதே விலை என்ன, கெடுதல் என்ன, எத்தனை பேருக்குப் போய்ச் சேரும் என்றும் பார்க்க வேண்டும்.

சுருக்கத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் 95 சதவீதம் என்று போட்டு இரண்டு எண்கள் இருக்கும். செலக்ட் ஆய்வில் 0.80 (அதாவது 20 சதவீதம் குறைவு), பக்கத்தில் 0.72 முதல் 0.90 வரை. உண்மையான பலன் 10 சதவீதத்திலிருந்து 28 சதவீதம் வரை எங்கேயும் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி மடங்குக் கணக்கில் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் 1 வந்துவிட்டால், பலன் இருக்கிறது என்று அந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

எதை எண்ணினார்கள்

மருந்து கொழுப்பைக் குறைத்தது, இ.சி.ஜி.யைச் சரியாக்கியது, ஸ்கேனில் நன்றாகத் தெரிந்தது என்பதெல்லாம் ஒரு படி. ஆள் பிழைத்தாரா, நடமாடுகிறாரா, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தாரா என்பது வேறு படி. முதல் படி நடந்தால் இரண்டாவது தானாக நடக்கும் என்று நம்பியதற்கு ஒரு காலத்தில் பல உயிர்கள் போயின.

மாரடைப்புக்குப் பிறகு இதயத்தில் இடையிடையே கூடுதல் துடிப்பு வருபவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்று தெரிந்திருந்தது. அந்தத் துடிப்பை அடக்கும் மருந்துகளும் இருந்தன. துடிப்பை அடக்கினால் உயிர் தப்பும் என்பது நியாயமான ஊகம், டாக்டர்கள் எழுதிக்கொடுத்தார்கள். அமெரிக்காவில் காஸ்ட் என்ற ஆய்வில்தான் என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற இரண்டு மருந்துகளை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். துடிப்பு நன்றாகவே அடங்கியது. ஆனால் மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். 1989ல் அந்தப் பகுதியை நிறுத்தினார்கள். இ.சி.ஜி. பேப்பரில் முன்னேற்றம், ஆளைப் பார்த்தால் இல்லை.

அதனால் சுருக்கத்தில் முதன்மையாக எதை எண்ணினார்கள் என்று தேடுங்கள். மரணம், மாரடைப்பு, கால் எடுக்க வேண்டிவருவது, டயாலிசிஸ் மாதிரி நோயாளி உணரக்கூடிய விஷயமாக இருந்தால் அந்த ஆய்வுக்கு மதிப்பு கூடுதல். பரிசோதனை எண் மட்டும்தான் என்றால் இன்னும் காத்திருக்கலாம்.

உங்களைப் போன்றவரிடம் செய்தார்களா

2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு கொரோனாவில் உயிர் காக்கிறது என்று அறிவித்தது, அந்தக் காலத்தின் மிக நல்ல செய்திகளில் அது ஒன்று. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளில் இறந்தவர்கள் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தார்கள். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2லிருந்து 23.3. அதே கட்டுரையில் இன்னொரு வரியும் இருந்தது: ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில், மருந்து கொடுக்காத பிரிவில் 14 சதவீதம் பேரும் கொடுத்த பிரிவில் 17.8 சதவீதம் பேரும் இறந்தார்கள். அவர்களுக்குப் பலனில்லை, கெடுதலாகக்கூட இருக்கலாம் என்பதுதான் அதன் பொருள்.

2021ல் நம் நாட்டில் இரண்டாம் அலை வந்தபோது அந்த மூன்றாவது வரி பறந்துவிட்டது. லேசான காய்ச்சலோடு வீட்டில் இருந்தவர்கள் முதல் நாளிலிருந்தே ஸ்டீராய்டு விழுங்கினார்கள், மருந்துச் சீட்டு வாட்ஸ்அப்பில் கைமாறியது. ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்பு சக்தியை அடக்கும். கட்டுக்கடங்காத சர்க்கரையும் தேவையில்லாத ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் கருப்புப் பூஞ்சை வந்தது, கண்ணை இழந்தவர்கள் இருக்கிறார்கள், உயிரை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆய்வு சரியாகத்தான் சொன்னது. யாருக்கு என்ற பகுதியை விட்டுவிட்டு மருந்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டோம். இன்று வரும் எந்த மருந்துச் செய்தியைப் படித்தாலும் வயது, நோயின் கட்டம், கூட இருக்கும் நோய்கள், எந்த நாடு என்ற நான்கையும் தேடிப் பாருங்கள்.

சீக்கிரம் பார்த்துவிட வேண்டிய சில

பணம் யார் கொடுத்தது என்று கட்டுரையின் அடியில் இருக்கும். செலக்ட் ஆய்வை நடத்தியது அந்த ஊசியைத் தயாரிக்கும் நோவோ நார்டிஸ்க் கம்பெனிதான். அதனாலேயே ஆய்வு பொய் என்று ஆகிவிடாது, புது மருந்துகளின் பெரிய ஆய்வுகள் பலவும் இப்படித்தான் நடக்கின்றன. ஆனால் கெடுதல் பற்றிய வரிகளை இரண்டு முறை படிக்க இது ஒரு காரணம்.

இந்தியாவில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளை ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்தும் பதிவேட்டில் பதிய வேண்டும், 2009 முதல் இது கட்டாயம். அந்தத் தளத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எதை எண்ணப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிய விஷயமும் கடைசியில் பெருமையாகச் சொன்ன விஷயமும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள், மாறியிருந்தால் சந்தேகப்படலாம்.

பின்வாங்கப்பட்ட ஆய்வா, அதாவது இனி செல்லாது என்று இதழே திரும்பப் பெற்றதா என்பதையும் பார்த்துவிடுங்கள், பப்மெட்டில் தலைப்புக்குப் பக்கத்திலேயே பளிச்சென்று போட்டிருப்பார்கள். பெரிய இதழ் என்பது உத்தரவாதம் இல்லை. 96,000 நோயாளிகளின் தரவு என்று சொல்லி 2020 மே மாதம் லான்செட்டில் வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் கட்டுரை, அந்தத் தரவைச் சரிபார்க்க முடியாததால் இரண்டே வாரத்தில் பின்வாங்கப்பட்டது. தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் என்று கிளப்பிவிட்ட 1998ம் வருடக் கட்டுரையில் இருந்தது 12 குழந்தைகள். அதைப் பின்வாங்க 2010 வரை ஆனது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019ல் வெளியான ஆய்வு அப்படி ஒரு தொடர்பே இல்லை என்று காட்டியது. எந்தக் கேள்விக்கும் ஒரே ஒரு ஆய்வு மட்டும் இருந்தால் பொறுங்கள், அதே கேள்வியில் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்து எடை போடும் காக்ரேன் தொகுப்புகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அவற்றில் சாதாரண வாசகருக்கென்று எளிய மொழியில் ஒரு சுருக்கமும் இருக்கும்.

டாக்டரிடம் எப்படிக் கொண்டுபோவது

படித்ததை வைத்து ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்தாதீர்கள், புதிதாக எதையும் தொடங்காதீர்கள். ஆஸ்பிரினை எடுத்துக்கொள்ளுங்கள். 2018ல் வந்த ஆஸ்ப்ரீ ஆய்வில் 19,114 முதியவர்கள், பெரும்பாலோர் 70 வயதைத் தாண்டியவர்கள். தினமும் சிறிய ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு ஆயுளிலோ நடமாட்டத்திலோ லாபம் இல்லை, பெரிய ரத்தக்கசிவு 2.8 சதவீதத்திலிருந்து 3.8 ஆகக் கூடியது. "ஆஸ்பிரின் ஆபத்து" என்று தலைப்பு போட இது போதும். ஆனால் அந்த ஆய்வில் சேர்த்தவர்கள் அதுவரை மாரடைப்போ பக்கவாதமோ வராதவர்கள். ஸ்டென்ட் வைத்திருக்கும் ஒருவர் அந்தத் தலைப்பை நம்பி மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சர்க்கரை, பிரஷர், வலிப்பு மாத்திரைகளையும் சொந்தமாக நிறுத்தவே கூடாது.

ஓ.பி.யில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ஃபோனை நீட்டி யூடியூப் வீடியோவைக் காட்டினால் எரிச்சல்தான் மிஞ்சும், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு தாளில் நோயாளியின் நிலை ஒரு வரி, ஆய்வு யாரிடம் நடந்தது என்று ஒரு வரி, உங்கள் கேள்வி ஒரு வரி என்று எழுதிக்கொண்டு போங்கள், ஆய்வின் சுருக்கத்தையும் பிரின்ட் எடுத்து மடித்து வைத்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதலாம்: "அப்பாவுக்கு 74 வயது, ஐந்து வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தது, ஆஸ்பிரின் எடுக்கிறார். வயதானவர்களுக்கு ஆஸ்பிரினால் ரத்தக்கசிவு என்ற ஆய்வு, இதய நோய் வராதவர்களிடம் செய்தது என்று படித்தேன், அப்படியென்றால் அப்பா தொடரலாம்தானே? போன மாதம் இரண்டு தடவை மலம் கருப்பாகப் போனது, அதற்கு ஏதாவது டெஸ்ட் எடுக்க வேண்டுமா?" கடைசி வரியில் இருக்கும் அந்த மாதிரி அறிகுறி உண்மையிலேயே இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.